மணி அடிக்கட்டும்

அவனுக்கு ஆற்றங்கரைத் தெருவில் வைத்த பெயர் பதறல். வானம் லேசாகக் கறுத்தால் போதும், அங்கே குடியிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு உயிரை வாங்குவான். இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் தெருவையே மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஊர் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு மானமே போய்விட்டது.

ஆனால் ரோஷக்காரன். பிழைப்பே கம்ப்யூட்டரில்தானே? ஒரு வாரம் உட்கார்ந்து சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். அணை ஆபீஸ்காரர்கள் வெப்சைட்டில் நாளுக்கு ஒரு பக்கம் போட்டு, அதில் மணிக்கொரு வரியாக ஆற்று மட்டத்தை ஏற்றுவார்கள். புரோகிராம் அந்தப் பக்கத்தை இறக்கி மெமரியில் வைத்துக்கொண்டு கடைசி வரியைப் படிக்கும். பன்னிரண்டு அடி தாண்டினால் அக்கா வீட்டு வாசலில் மணி அலறும். குட்டிக் கம்ப்யூட்டரை அவள் அலமாரியில் வைத்துவிட்டு, "இனிமே என் பேச்சை நம்பாத. மணியை நம்பு" என்று வீராப்பாகச் சொன்னான். போன வருடம் மணி சரியாக அடித்தது. தெருவே தப்பித்தது.

இன்று மத்தியானம் அக்கரையில் தன் ஆபீஸிலிருந்து வெப்சைட்டைப் பார்த்தான். பதினாலு அடி! அக்காவைக் கூப்பிட்டான். மணி அடிக்கவே இல்லையாம்.

தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். நாளுக்கு இருபத்துநாலு வரிதானே என்று, ஐம்பது வரிக்கு மட்டும் மெமரியில் இடம் ஒதுக்கியிருந்தான். இடம் நிறைந்தால் மீதியை விட்டுவிடும். நேற்று நள்ளிரவிலிருந்து மழைக்காக ஐந்து நிமிடத்துக்கொரு வரி ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பாவிப் பெட்டி விடிகாலை நாலு மணியின் ஒன்பது அடியையே கடைசி வரி என்று திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. திருத்த நாலு வரி போதும். ஆனால் பெட்டியை நேரில் போய்த்தான் திருத்த முடியும். பாலத்தையோ காலையிலேயே மூடிவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்தில் போனை யாரும் எடுக்கவில்லை.

மறுபடி அக்காவையே கூப்பிட்டான். "அக்கா, மணி வேலை செய்யலை. தப்பு என்னோடது. உடனே கிளம்பு!"

"பெட்டியில பச்சை லைட் எரியுதேடா. நல்லாத்தான் இருக்கு."

"லைட் எரியும்கா. உள்ள கணக்கு தப்பு. உன் கால்ல விழறேன்..."

"ஆரம்பிச்சுட்டியா? நீதானே சொன்ன, உன் பேச்சை நம்ப வேண்டாம்னு?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதது இன்னும் மோசம். பதறல் அழுதால் யார் நம்புவார்கள்?

"அழாதடா கண்ணா. மணி அடிக்கட்டும், அடுத்த நிமிஷம் கிளம்பிடறேன். போதுமா?"

அப்போது போனில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. "அக்கா, பாப்பாவைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போயிடலாமான்னு பார்க்கிறோம். உங்க தம்பி என்ன சொல்றாரு?"

"அவன் கிடக்கான். மணி அடிக்கலையே! உள்ள போய்ப் படுங்க, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"அக்கா!" என்று கத்தினான். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம்தான் கேட்டது.