கவர் கட்டுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரோக்கியராஜ் முதலில் ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். பிறகு கறி போட்டுக் கொடுக்கும் கறுப்பு கவர் கட்டை எடுத்துத் தராசுக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டுவார். அதே ஆணியில்தான் அவர் மனைவி ஜெசிந்தா மாட்டிய சிலுவை தொங்குகிறது. கவர் கட்டு அதை மறைத்துவிடும்.

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் கோழிக்கடை அவருடையது. பக்கத்துப் பூக்கடை என்னுடையது.

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். அதற்கு முன் பெயர் முத்துசாமி. ஒரு பூசை தவறவிடமாட்டார், ஆனால் வேதத்தைப் பற்றி வெளியாரிடம் வாய் திறக்கமாட்டார். யாராவது என்னிடம் ஏசுவைப் பற்றிய துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டுப் போனால், பிடுங்கிப்போய் அடுப்பில் போடுவார்.

"நீ இதைப் படிக்காதே தங்கச்சி. தன் தப்பு இல்லாம தெரியாமப் போனவங்க நல்லவங்களா இருந்தா மோட்சம் உண்டுன்னு சாமியாரே பிரசங்கத்துல சொல்லிட்டாரு. தெரிஞ்சவனுக்குத்தான் கேள்வி. சும்மா இருக்கிறதை எதுக்குக் கெடுத்துக்கினு?"

இத்தனை ஜாக்கிரதையும் உண்மையில் அண்ணனுக்காக. பெரியசாமிக்குக் கிட்னி போய்விட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பௌர்ணமிக்குத் திருவக்கரைக் காளி கோயில் போய் வருபவர், எறும்பைக்கூடத் தாண்டி நடப்பவர். தம்பியின் கணக்குப்படி, இப்படியே கண்ணை மூடினால் நேரே மோட்சம்.

அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று சாமியாரையே கேட்டிருக்கிறார். அன்பாகச் சொல்லுங்கள் என்றாராம்.

"சாமியாருக்கு எங்கண்ணனைத் தெரியாதும்மா. சொன்னா யோசிக்கிறேன்னுவான். மோட்டார் வாங்கலாமான்னு யோசிச்சே கெணறு வத்திப்போச்சு. தெரிஞ்சுக்கினு, ஒரு முடிவுக்கு வராம நடுவுல செத்தான்னா? மாட்டிக்குவான்."

ஜெசிந்தாவுக்கு இது பொறுக்காது. "நல்ல சேதிய ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னாரு ஆண்டவர். இவரு கூடப்பொறந்தவனுக்கே மூடி வைக்கிறாரு."

போன ஞாயிறு நல்ல கூட்டம். ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அசந்துபோன பெரியசாமி கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கவர் உருவ உருவ, கட்டு மெலிந்துகொண்டே வந்தது. யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். கடைசிக் கவரும் போனதும் சிலுவையும் அதில் அறைந்த உருவமும் பளிச்சென்று வெளியே தெரிந்தன.

பெரியசாமி வெகுநேரம் பார்த்தார்.

"டேய் முத்து, பேரெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். இந்த மனுஷன் அப்படி என்னதான்டா பண்ணாரு, இப்படி ஆணி அடிச்சிருக்காங்க?"

வெட்டுக்கத்தி கட்டைமேல் நின்றது. பெரியசாமி முகத்தில் இத்தனை ஆசையாக ஒரு கேள்வியை நான் பார்த்ததில்லை.

"எனக்கென்னண்ணே தெரியும்."

"அவரைத் தேடித்தானே வாராவாரம் போறே?"

"சும்மா போய் குந்திக்கினு வர்றேன். ஒண்ணும் தெரியாதுண்ணே."

இறகு பிய்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. "ராயப்பரும் இப்படித்தான் ஏசுவைத் தெரியாதுன்னு மூணு தரம் சொன்னாரு. ஒடனே சேவல் கூவிச்சு. அழுதுக்கினு ஓடினாரு."

"ராயப்பர் யாருடா?" என்றார் பெரியசாமி.

ஆரோக்கியராஜ் கத்தியை வைத்துவிட்டு, வாசலில் கால் துடைக்கும் கோணிப்பையை எடுத்தார். கூண்டில் விற்காமல் மிச்சமிருந்த நாட்டுச்சேவல் கழுத்தை நீட்டி அவரையே பார்த்தது. நாலு பக்கமும் இழுத்து, ஓட்டை இல்லாமல் கூண்டை மூடினார். ஓரத்தில் செங்கல்லும் வைத்தார். அப்புறம்தான் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தெரியாதுண்ணே."