முனீப் மாமா எழுதிய ஜனாஸா அறிவித்தல்கள்

குறிஞ்சாக்கேணியில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் அந்த மரணத்தை ஊருக்குச் சொல்கிறவர் முனீப் மாமா. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதலில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு அவர் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலோடு பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் நின்றுவிடும். பெயர் வரும்வரை ஒருவரும் கதைக்கமாட்டார்கள்.

அவருடைய தொழில் படகு எஞ்சின் திருத்துவது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. குரல் நன்றாக இருந்ததால் பள்ளிவாசல் நிருவாகம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது. பிழையாக எழுதி வைத்திருந்தாலும் வாய் அதைச் சரியாக வாசித்துவிடும். ஊருக்கு வட்ஸ்அப் குழு வந்த பிறகுதான் தொல்லை. அறிவித்தல் எழுதிய தாளைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டியிருந்தது. ஒருமுறை கட்டாரிலிருந்து ஒரு பொடியன், ‘இந்த அறிவித்தலில் மரணித்திருப்பது தமிழ்தான்’ என்று எழுதினான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள். மௌத்தானவரின் மகனும் அந்தக் குழுவில் இருந்தார்.

மறுநாள் மாமா அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். தமிழ் சிறப்புக் கற்கை. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படித்த படிப்பால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்த காலம். அதனால் அவர் கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தேன்.

எல்லோரும் விடுகிற பிழைகளைத்தான் அவரும் விட்டார். ‘அவர்கள்’ என்று தொடங்கி ‘காலமானார்’ என்று முடிப்பார். கணவரும், தந்தையும் என்று அடுக்கிக்கொண்டு போய்க் கடைசி உறவில் ‘உம்’மை மறந்துவிடுவார். ஒரே வசனத்தை, அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் இழுப்பார். வாசித்து முடித்தால் அடக்கப்படுகிறவர் யார், அடக்குகிறவர் யார் என்று விளங்காது. வசனத்தை வெட்டச் சொன்னேன். எழுவாயில் ஒரு விரலையும் பயனிலையில் ஒரு விரலையும் வைத்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அது அவருக்கு உடனே பிடித்துவிட்டது. எஞ்சினையும் ஓடவிட்டுத்தான் பிழை பிடிப்பாராம்.

ஆனால் நான் கொடுத்த பயிற்சிகளில் அவருடைய கை ஓடவில்லை. இல்லாத ஆட்களுக்கு அறிவித்தல் எழுதிப் பாருங்கள் என்றேன். அதுவும் வரவில்லை. இல்லாதவன் எப்படி மௌத்தாவான் என்று கேட்டார். எனவே உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுதத் தொடங்கினார்.

முதல் தாளில் தன்னையே எழுதி வந்தார். நான் சிரித்துவிட்டேன். அன்று நேரமில்லாததால் அதைத் திருத்தவில்லை. அடுத்த தாள் தேநீர்க்கடை முஹம்மது தம்பியுடையது. அதை ஒழுங்காகத் திருத்தினேன். மக்கள், மருமக்கள் எல்லோரும் சரியான வரிசையில் வந்தார்கள். அடக்கம் செய்யும் நேரம் மட்டும் வெற்றிடமாக இருந்தது.

அடுத்த கிழமை முஹம்மது தம்பி விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. மாமா அதே தாளை எடுத்து, வெற்றிடத்தில் ‘இன்று லுஹர் தொழுகையின் பின்’ என்று நிரப்பி வாசித்தார். ஒரு பிழையும் இல்லை. கட்டார்ப் பொடியனும் பெருவிரலை உயர்த்திப் போட்டிருந்தான். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மௌத்துச் செய்தியைப் பார்த்து ஏன் அப்படி இருந்தது என்று பிறகு கனநேரம் யோசித்தேன்.

அதற்குப் பிறகு மௌத்தானவர் எங்கள் தெரு ஹுஸ்னியா மாமி. அவருடையதும் நான் திருத்தி வைத்திருந்த தாள்தான். நேரம் மட்டும் நிரப்பப்பட்டது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வாசலோடு நின்றார். உள்ளே வரவில்லை.

“மகள், நீங்க திருத்தித் தந்தவங்கதான் போறாங்க. திருத்தாதவங்க எல்லாரும் உசிரோட இரிக்கிறாங்க. என்னையும் சேத்து.”

முஹம்மது தம்பிக்கு நெஞ்சு வருத்தம் என்றும், ஹுஸ்னியா மாமிக்கு வயது போய்விட்டது என்றும் விளக்கினேன். வருத்தக்காரர்களையே தேர்ந்தெடுத்து எழுதினால் இப்படித்தான் நடக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பாடத்துக்கு வருவது அன்றோடு நின்றது.

அந்த மாதம் அவருடைய மனைவி மைமூனா மாமிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள். போவதற்கு முதல்நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் மெதுவாக உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டினார். அலுமாரியில் அவருடைய சேலைகளுக்குக் கீழே இருந்ததாம்.

அது மாமிக்கான ஜனாஸா அறிவித்தல். இவ்வளவு பிழைகளை ஒரே தாளில் நான் கண்டதில்லை. படிக்க வருவதற்கு முன்பும் மாமா இப்படி எழுதியவரல்ல. ஒவ்வொரு பிழையும் யோசித்து வைக்கப்பட்டிருந்தது.

“என்னக் காப்பாத்துறாராம்,” என்றார் மாமி. “நான் போனா இந்தத் தாளத்தானே கட்டார் வரைக்கும் அனுப்புவாங்க. ஊரெல்லாம் சிரிக்கும். திருத்தி வைங்க மகள். அவருக்குச் சொல்ல வேணாம்.”

தாளை வாங்கிக்கொண்டேன். அன்று தொடவில்லை. ஒப்பரேஷன் நாளன்று காலையில் மேசையில் விரித்து வைத்தேன். முதல் வசனத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. ‘காலமானார்’ என்பதோடு ‘கள்’ சேர்த்தால் போதும். பேனையைத் தாளில் வைத்தேன்; கை போகவில்லை. இது வெறும் தற்செயல் என்று எனக்கே சத்தமாகச் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. என் குரல் யாருக்கோ பதில் சொல்வதுபோல இருந்தது.

மதியம் ஒலிபெருக்கி ‘டொக்’ என்றது. மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். பேசப்போவது வேறு யாரோ. பேனை கையிலிருந்து விழுந்துவிட்டது. நாளைக்குத் தண்ணீர் வெட்டு என்று ஒருவர் அறிவித்தார்.

பின்னேரம் மாமா தொலைபேசியில் அழைத்தார். மாமி கண் திறந்துவிட்டாராம்.

மாமி வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். சுகம் விசாரிப்பதற்குள் அவரே கேட்டார்.

“திருத்தினீங்களா?”

“இல்ல மாமி.”

“அப்ப டிகிரி படிச்ச பிள்ளையும் நம்பினதுதான்.”

அவர் சிரிக்கவில்லை. இப்போதே திருத்த வேண்டும், தானும் கேட்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த மாமா எழும்பி வெளியே வளவுக்குப் போய்விட்டார்.

கையோடு கொண்டுபோயிருந்த தாளை எடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக வாசித்தேன். ‘காலமானார்கள்’ என்று சரிசெய்தபோது மாமி கண்ணை மூடிக்கொண்டு “ம்” என்றார். மனைவியும் தாயும் என்பதோடு விடாமல், தான் தையல் பழக்கியதையும் சேர்க்கச் சொன்னார். ஒரு வசனம் நீளமாக இருப்பதாகச் சொல்லி என்னைக்கொண்டே வெட்டுவித்தார். புதுத் தாளில் எழுதிக் கொடுத்ததும், அதைக் கையில் பிடித்து, முழுதாகத் தன் வாயாலேயே ஒருமுறை வாசித்தார். தன்னுடைய மௌத்தை ஒருவர் அவ்வளவு திருத்தமாக வாசிப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் விருப்பமில்லை.

பிறகு தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நித்திரையானார்.

போகலாம் என்று எழும்பிய நான் போகவில்லை. போர்வை உயர்ந்து தாழ்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே மாமாவின் முகம் தெரிந்தது.

“நித்திரையா?”

“ஓம் மாமா. நித்திரைதான்.”

அவர் உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், புறங்கையை மாமியின் மூக்கருகில் பிடித்தார். போர்வை உயர்ந்து தாழ்ந்துகொண்டுதான் இருந்தது; அவர் கையை எடுக்கவேயில்லை.