வேலியோரம் நட்ட மரச்சீனி

இந்த நேரத்துல நம்ம தோட்டக் குரூப்ல எழுதுறதுக்கு மன்னிச்சிருங்க மக்களே. பிள்ளை தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல.

மரச்சீனி, அதான் மரவள்ளி, அதோட இலைக் காம்ப ஒடிச்சா ஒரு பச்சை வாடை வருமே, பாலு லேசா விரல்ல ஒட்டுமே... எங்க பக்கம் வளந்தவங்களுக்குத் தெரியும். காம்ப அங்கயும் இங்கயுமா ஒடிச்சு, தோலு அறாம இழுத்து மாலை செய்வோம். நுனியில இலை பதக்கம் மாதிரி தொங்கும். ஸ்கூல் லீவுன்னா கழுத்துல அதுதான் நகை.

அப்போ குலசேகரத்துல எங்க வீட்டுல ஒரு வெள்ளாடு நின்னுது. அண்ணன் வளத்தது. பக்கத்து விளையில மரச்சீனி பிடுங்குன அன்னைக்கு, கயித்த அறுத்துட்டுப் போய், வெட்டிப் போட்டிருந்த இலைக் குவியல்ல வாய வச்சிட்டு. கொஞ்ச நேரந்தான்... வயிறு ஊதி, வாயில நுரை. அம்மா கருப்பட்டித் தண்ணி கலக்கிட்டு ஓடுனா. அது தொண்டையில இறங்குறதுக்குள்ள கால் விறைச்சிட்டு.

அன்னைக்கும் எங்க வீட்டுல சாப்பாடு மரச்சீனிக் கிழங்குதான். அம்மா எப்பவும்போல திறந்த பானையில அவிச்சு, விஷம் போக தண்ணிய வடிச்சுக் கொட்டி, சாளை மீன் கறியோட வச்சா. அண்ணன் மட்டும் தொடல.

இதெல்லாம் பாத்து வளந்தவதான் நான். போதாததுக்கு பாட்டனி வேற படிச்சேன். அந்த இலையில என்ன விஷம், எப்படி உண்டாகுதுன்னு எக்ஸாம்ல படம் போட்டு எழுதுனவ!

தொட்டியில ரெண்டு வெண்டைன்னு இருந்த நான் இந்த வருஷம் சீரியஸா இறங்கிட்டேன். பிள்ளைக்கு மருந்தடிச்ச காயக் குடுக்கோமேன்னு ஒரே பயம். அந்தப் பயத்துலதான் வீட்டுக்குப் பின்னால மண்ணக் கொத்தி, பந்தல் போட்டு, பயறு, பாவக்கா, கத்தரி... வேலியோரமா ஒரு வரிசை மரச்சீனிக் கம்பு. இடுப்பளவு வளந்து நிக்கி.

இன்னைக்குச் சாயங்காலம் பயறுக்கொடிய பந்தல்ல ஏத்திக் கட்டிட்டுத் திரும்புறேன்...

என் ரெண்டு வயசுப் பிள்ளை வாயில பச்சையா ஏதோ. மரச்சீனி இலை!

விரல விட்டுத் தோண்டி எடுத்தேன். நுனியக் காணும். ஆஸ்பத்திரிக்கு ஓடுன ஓட்டத்துல செருப்பு போட்டேனான்னே தெரியல. டாக்டர் ரொம்ப நேரம் அங்கயே வச்சுப் பாத்துட்டு, "உள்ள போனது கொஞ்சந்தான், பயப்படண்டாம்"னு அனுப்புனாரு.

வீட்டுக்கு வந்தா, மாமியார் சொல்லுறாங்க, "நாங்கல்லாம் மரச்சீனிக்கு நடுவுலதான் பிள்ள வளத்தோம். ஒரு மூடு செடி பிடுங்கப்பிடாது, கேட்டியா." துபாய்ல இருந்து வீட்டுக்காரரு வீடியோ கால்ல, "எல்லாத்தையும் மூட்டோட வேரோட பிடுங்கிப் போடு. உனக்குத் தோட்டமே வேண்டாம்"ங்காரு.

அம்மாவுக்கு போன் போட்டேன். ஏசுவான்னு நெனச்சேன். பிள்ளை தூங்கிட்டாளான்னு கேட்டா. பொறவு சொன்னா...

"ஏட்டி, நீயும் தின்னுருக்க."

"எப்போ?"ன்னு கேட்டேன்.

"ஆடு செத்து ஒரு மாசங்கூட ஆகல. மாலையக் கழுத்துல போட்டுட்டு அந்த இலைய மென்னுட்டு நின்ன. முதுகுல ரெண்டு போட்டு, வாயக் கழுவி விட்டேன். உங்கப்பாட்ட சொல்லல. சொன்னா என்னைக் கொன்னுருப்பாரு. ராத்திரி பூரா உன் மூக்குக்கிட்ட விரல வச்சிட்டே கெடந்தேன் மக்கா."

இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லல!

அந்தக் காலத்து அம்மாமாருக்குப் பயமே கிடையாது, நாமதான் தொட்டதுக்கெல்லாம் பதறுறோம்னு நானே எத்தனை தடவ பேசிருக்கேன்... பயம் அன்னைக்கும் இதே அளவு இருந்திருக்கு. சொல்லதுக்குத்தான் அவளுக்கு ஆளில்ல. எனக்கு நீங்க இருக்கீங்க.

அதனால கேக்கேன். பிடுங்குறதுக்குக் காலைல மண்வெட்டியோட ஆளு வருது. மரச்சீனிய மட்டும் பிடுங்கவா, இல்ல பிள்ளை போகாதபடி வலை கட்டி அடைச்சாப் போதுமா? மத்த தோட்டத்த விட எனக்கு மனசில்ல. சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு மரச்சீனி நட்டவங்க யாராவது இருந்தா, விடியுறதுக்குள்ள பதில் போடுங்க.