அணிலுக்கு மரமாக நின்றவன்

நெட்டை பேர்போன மரம்வெட்டி. எந்த மரத்தையும் சொன்ன திசையில் சாய்ப்பான். பெண்டாட்டி சொன்ன திசையில் தானே சாய்வான். கொல்லையில் நின்ற உயரமான மரம் வெயிலை மறைக்கிறது, துணி காயவில்லை என்று அவள் நச்சரித்ததால், ஒருநாள் அதையும் சாய்த்துவிட்டான்.

அங்கேதான் வந்தது வினை. அன்று பொழுது சாயும் நேரம், மரம் இருந்த இடத்தில் நின்று தன் கைவரிசையை ரசித்துக்கொண்டிருந்தான். காட்டோர மரத்திலிருந்து ஒரு பறக்கும் அணில் கைகால்களை விரித்து, அவற்றுக்கு இடையிலுள்ள தோலைப் போர்வைபோல் பரப்பி மிதந்து வந்தது. தினமும் போகிற பாதை. மரம் போன சேதியை அதற்கு யார் சொன்னார்கள்? நெட்டையின் நெஞ்சில் தொப்பென்று ஒட்டிக்கொண்டது.

மரத்தில் இறங்கியதுமே ஆந்தைக்குப் பயந்து மறுபக்கம் ஓடி ஒளிவது இவற்றின் வழக்கம். இதுவும் அவன் அக்குள் வழியாக முதுகுக்கு ஓடி, உச்சந்தலைக்கு ஏறி, அங்கிருந்து தாவியது. உயர ஏறினால்தானே தூரம் போக முடியும்? நெட்டையின் உயரம் அடுப்படி ஜன்னல் வரைக்கும்தான் காணும். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் அதை விரட்டக் கோலும் கையுமாக அதே இடத்தில் நின்றான், அறிவாளி! அதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று; மறுபடியும் அவன்மேல் ஏறி அடுப்படிக்குள் பாய்ந்தது.

அவள் மூட்டை கட்டிவிட்டாள்.

"மரம் வேணாம்னு சொன்னது நீதானே!"

"மரம் வேணாம்னேன். உங்கள மரமா நிக்கச் சொன்னேனா? இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் வரேன்."

அண்ணன் வீட்டுக்குப் போயே போய்விட்டாள். அவள் திட்டாத வீட்டில் நெட்டைக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகளைக் கூப்பிட்டு, வெட்டிய மரத்தையே கிளை கழித்து, கயிறு கட்டி நிமிர்த்தி நட்டான்.

"வெட்டுனதையே திரும்ப நடுற முதல் ஆளு நீதான்டா!" என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் அணில் வந்தது, மரத்தில் இறங்கிற்று, சுற்றிக்கொண்டு ஏறிற்று, கூரையைத் தாண்டி அந்தப் பக்கத் தோப்புக்கு மிதந்து போயிற்று. சேதி கேட்டு அவளும் திரும்பி வந்தாள். வந்த கையோடு அந்த மரத்தில் துணிக்கொடி கட்டினாள்.

அன்று மாலை நெட்டை மரத்துக்குப் பக்கத்தில் சும்மா போய் நின்றான், நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு. அணில் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"என்னங்க, உங்க ஆளு கண்டுக்கலையா?"

"ஒண்ணுமில்ல, போ."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உள்ள வாங்க. பரண்ல இருக்கிற பானைய எடுத்துக் குடுங்க, எனக்கு எட்டல."

பரணுக்குக் கீழேயே ஸ்டூல் கிடந்தது. இத்தனை வருஷமாக அதில் ஏறித்தான் அவள் எடுப்பாள். நெட்டை அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.