பக்கத்து மேசைக்காரனின் சர்வர்

இணையம் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த காலம். மலாக்காவின் காஜா பெராங்கில், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சின்னச் சின்ன வியாபாரிகளின் அகப்பக்கங்களை எங்கள் சர்வர்களில் வைத்துப் பாதுகாப்பது தொழில். சர்வர் என்றால் ஓய்வில்லாமல் ஓடும் கணினி. எங்களுடையவை இரண்டும் கோலாலம்பூரில் ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் இருந்தன. நாங்கள் மலாக்காவில் இருந்தபடியே அவற்றைக் கவனித்தோம். ஒன்று என் பொறுப்பு. மற்றது பக்கத்து மேசைக்காரனுடையது.

அங்கே முதலில் சேர்ந்தவள் நான்தான். சர்வரில் ஓடும் மென்பொருளில் எங்காவது ஓட்டை தெரிந்தால் அதை உருவாக்கியவர்கள் மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்புவார்கள். அடைக்கத் திருத்தமும் கூடவே வரும். நான் அதை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்று தெரிந்தபின் சர்வரில் ஏற்றுவேன். ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்காக யாரும் வந்து நன்றி சொன்னதில்லை.

அவன் என்னைவிட இரண்டு வருடம் பின்னால் வந்தவன். காஜா பெராங்கிலேயே பிறந்து வளர்ந்த மலாக்காச் செட்டி, பல நூறு வருடத்துக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். நெற்றியில் திருநீறு, பெயரும் தமிழ்ப் பெயர், ஆனால் பேசுவதெல்லாம் மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். என்னைக் 'காக்கா' என்று கூப்பிடுவான். மலாயில் அக்கா என்றுதான் அர்த்தம். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் காகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வாடிக்கையாளர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கிளேபாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த சீனர் டவுன் பக்கம் வரும்போதெல்லாம் அவனைப் பார்க்க மாடி ஏறுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது புக்கிட் காதிலில் முறுக்கு சுட்டு விற்ற அம்மாவைத்தான். தமிழைத் தவிர வேறெதுவும் சரியாக வராத அந்த அம்மா, தொலைபேசியை நான் எடுத்ததும் தம்பி இருக்கிறாரா என்றுதான் கேட்பார்.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "என்கிட்டயே சொல்லலாம்மா. நானும் அதே வேலதான் செய்றேன்."

"இல்லம்மா, தம்பிகிட்டயே குடுங்க. அதுக்குத்தான் எல்லாம் தெரியும்."

பிறகு அவரும் அவனும் உடைந்த மலாயில் கால் மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம்வரை தமிழ் படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆகஸ்டில் எங்கள் சீன முதலாளி அவனைத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஆக்கினார். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த முகம் அவனுடையதுதான் என்று எனக்குக் காரணமும் சொன்னார். சரி என்றேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

மெர்டேக்கா என்கிற சுதந்திர தின விடுமுறைக்கு முந்தின நாள் ஓர் அறிவிப்பு வந்தது. மோசமான ஓட்டை. அது தெரிந்த எவனும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். அறிவிப்புகள் ஆரம்பத்திலிருந்தே என் அஞ்சல்பெட்டிக்கு மட்டும்தான் வந்தன. படித்ததும் அவனுக்குச் சொல்வது என் வழக்கம், அதை நம்பித்தான் அவனும் இருந்தான். அன்று என் சர்வரை மூன்று மணிக்குள் சரிசெய்தேன். அவன் இரண்டு கை தூரத்தில், யாருடனோ தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தான். பேசி முடிக்கட்டும், சொல்லலாம் என்று இருந்தேன். முடித்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மெர்டேக்கா காலையில் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் அணிவகுப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கணினியைப் போட்டு இணையத்துக்குள் போனேன். என் சர்வரைப் பார்க்கவில்லை. அவனுடையதைத்தான் பார்த்தேன். முறுக்கு அம்மாவின் பக்கம் இருந்த இடத்தில் கறுப்புத் திரை, அதில் யாரோ ஒருவனுடைய வெற்றி முழக்கம். சாப்பாட்டுக்கடை, துணிக்கடை, டியூஷன் வகுப்பு, எல்லாம் அப்படியே.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இப்போது அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தொலைபேசியை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அவனைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அலுவலகத்துக்குப் போய்விட்டான். சர்வரில் இருந்ததை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, வாரம் ஒருமுறை எடுத்துவைக்கும் பிரதியிலிருந்து பக்கங்களை மீட்க மூன்று நாள் ஆனது. அந்த வாரத்தில் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் கிடைக்கவில்லை. தீபாவளி முறுக்குக்கு முன்கூட்டியே வந்திருந்த ஆர்டர்களும் அதில் போயின.

நடுநடுவே அவன் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து, தன் கவனக்குறைவுதான் என்று மன்னிப்புக் கேட்டான். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்தார்கள். சாப்பாட்டுக்கடைச் சீனர் அவனுக்கு மீன்தலைக் கறி கட்டி அனுப்பினார். அந்தக் கறிக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளி, அறிவிப்பு எதுவும் வரவில்லையா என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். வந்திருக்கும், காக்கா சொல்லியும் இருக்கும், தான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்றான் அவன். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மத்தியானம், மூலையிலிருந்த தேத்தண்ணீர் ஒட்டுக்கடையில் அவனெதிரே உட்கார்ந்து மலாயில் சொன்னேன்.

"அந்த அறிவிப்பு எனக்கு வந்துச்சு. உன்கிட்ட வேணும்னே சொல்லல."

அவன் தேத்தண்ணீர்க் குவளையை வைத்தான். "ஏன்?"

பொறாமைக்கு மலாயில் 'டெங்கி' என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். எனக்கே ஏதோ காய்ச்சலின் பெயரைச் சொன்னதுபோல் இருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"என்மேல கோபம்னா என்னோட சண்ட போட்டிருக்கணும்," என்றான். "அந்த அம்மா உனக்கு என்ன செஞ்சாங்க?"

அவன் எழுந்து போனான். அன்று மாலை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இனிமேல் அறிவிப்புகள் மூன்று பேருக்கும் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் ஒன்று தோன்றியது. அவனுடைய சர்வரிலிருந்து வெளியே போகும் அஞ்சல்கள் என் சர்வர் வழியாகத்தான் போகும். ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போன பதில்களின் முகவரிகள் அதன் பதிவேட்டில் இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினேன். ஒவ்வொருவருக்கும் எழுதி, என்ன கேட்டிருந்தார்கள் என்று விசாரித்தேன். பெரும்பாலானவர்கள் பதில் போட்டார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு புக்கிட் காதிலுக்கு நானே போனேன்.

அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தவறு தம்பியுடையதல்ல, என்னுடையது என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியாம்மா?" என்றார் கடைசியில். ஆமாம் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கிளம்பும்போது, தம்பி மூன்று நாள் கண்ணயராமல் வேலை பார்த்ததாமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார். பேருந்து நிறுத்தம்வரை அந்த வாக்கியம் என்னை அறுத்தது. செய்ததை ஒத்துக்கொண்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை.

அடுத்த வருடம் அவன் சிங்கப்பூரில் பெரிய நிறுவனமொன்றில் வேலை கிடைத்துப் போனான். இடைப்பட்ட மாதங்களில் என்னுடன் வேலையைப் பற்றி மட்டும் பேசினான். அவனுடைய சர்வரும் என் கைக்கு வந்தது. மேசை இழுப்பறையில் அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தை விட்டுப்போயிருந்தான். எந்தத் திருத்தம் போட்டால் யாருடைய பக்கத்தில் எது கெடும், முன்கூட்டியே யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். நான் சிரிப்பு என்று நினைத்த தொலைபேசிப் பேச்சில் பாதி அதுதான்.

முதல் திருத்தத்துக்கு முன்னால் நானும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். நாளைக் காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை உங்கள் பக்கம் தெரியாது, பயப்பட வேண்டாம் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். சொல்லிவைத்ததுபோல் எல்லோரும் அவன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு, அடுத்த எண்ணைச் சுழற்றினேன்.