பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள்

அன்று நான் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால், அடுத்து வந்த அழைப்பை அதன் அம்மா நம்பியிருப்பாரா? இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் ஒரு குழந்தைகள் துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. துணி எடுக்க வரும் அம்மாக்களிடம் உறுப்பினர் அட்டைக்காகப் பிள்ளையின் பெயர், பிறந்தநாள், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்போம். பிறந்தநாளுக்குப் பரிசு உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்லி, நானே எத்தனையோ பேருடைய விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். என் மகனுடையதையும் ஏற்றினேன். அவனுக்கு அப்போது இரண்டு வயது. ஒரு நாள் காலையில், அந்தப் பட்டியல் முழுவதும் திருட்டுப் போய்விட்டதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டோம், அது போதும் என்றார்கள்.

எங்கள் மானேஜர் அக்காவுக்கு அது போதவில்லை. "இங்கிலீஷ்ல வந்தா இஞ்ச ஆரு வாசிப்பா? நாம போன்ல விளிச்சுச் சொல்லுவோம் மக்கா" என்றார். சட்டைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, நான் பேச வேண்டியதைத் தடித்த பேனாவால் எழுதி என் முன்னால் சாய்த்து வைத்தார். உங்கள் விவரங்கள் வெளியே போய்விட்டன. கடையின் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க் வந்தால் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் நேரே கடைக்கு வாருங்கள். அதற்குக் கீழே எனக்கு மட்டும் ஒரு வரி: பிள்ளையின் பெயரை நீ சொல்லக் கூடாது. அதை வாசித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

பெருங்கடவிளை ஊர்க்காரர்கள் பொறுமையாகக் கேட்டு, மலையாளத்தில் நன்றி சொன்னார்கள். காரோடு என்ற ஊரில் ஒரு அம்மாதான் பிடித்துக்கொண்டார். "நீ ஆராக்கும்? ஓடிபி சொல்லாத, சொல்லாதன்னு சொல்லிக் கடசியில நீதான் கேப்ப, இல்லியா?" எனக்குச் சுருக்கென்றது. நம்பவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவருடைய மகளின் பெயரையும் பிறந்தநாளையும் வாசித்துவிட்டேன். அவர் குரல் உடனே இளகியது. "ஓ, நம்ம கடையா! மொதல்லயே சொல்லப்பிடாதா பிள்ளே?"

நிம்மதியாகப் போனை வைத்தேன். அக்கா பின்னால் நின்றிருந்தார். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "நீ இப்பம் அவங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த? பிள்ளைக்க பேரு தெரிஞ்சவன் எல்லாம் நம்ம ஆளுன்னாக்கும்."

உடனே மறுபடி கூப்பிட்டேன், அந்த அம்மா வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மத்தியானம் அக்கா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காரோட்டுக்குப் போனார். அந்த அம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்டைத் திறந்தார். "இப்பம்தான் உங்க கடையில உள்ள சாரும் விளிச்சாரு. குட்டிக்க பேரு, பிறந்தநாளு எல்லாம் சரியாச் சொன்னாரு. பரிசுக்குப் போட்டோ வேணும்னு கேட்டாரு. அனுப்பியாச்சு."

போட்டோ அனுப்பாதீர்கள் என்று எழுத எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

அக்கா எதையும் மறைக்கவில்லை. "தப்பு எங்க கடைக்காக்கும், உங்களுக்கு இல்ல" என்று சொல்லி, அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய், புகார் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்க குட்டிக்க படம் இப்பம் ஆருக்க கையில இருக்கு?"

எனக்குத் தெரிந்தவரை இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போனார். நான் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் என் மகனின் பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. போன வாரம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் கையை உதறிவிட்டு ஓடினான். அவர் என் கணவரோடு வேலை பார்ப்பவர்தான். ஆனாலும் வீடு வந்து சேர்ந்ததும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே போகக் கூடாது என்று அவனை உட்காரவைத்துச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அப்பம் அம்மா விளிச்சா?" என்று கேட்டான்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு, அதன் மனதில் பயத்தை ஏற்றாமல் இதை எப்படிச் சொல்வது? உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பலன் தந்த வார்த்தைகள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.