எஞ்சினில் பூசிய சந்தனம்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பை விட்டு ஊருக்கு வந்த கதிரவேலுவுக்கு மிஞ்சியது ஒரு பழைய கார். அதன் பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து, கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வண்டியாக்கினார். அந்த மாற்றத்தைப் பதிந்தால்தான் றோட்டில் ஓடலாம். ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

வாகனம் பதியும் அலுவலகமான கந்தோர் முற்றத்தில் பரிசோதகர் பொனற்றைத் திறந்தார்.

"எஞ்சின் நம்பர் எங்கை?"

கதிரவேலு எட்டிப் பார்த்தார். பதிவு தடங்கலில்லாமல் நடக்கவேண்டுமென்று காலையில் மனைவி செல்வநாயகி வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திப் பிள்ளையாருக்குப் பூசை செய்வித்திருந்தாள். எஞ்சினில் தட்டையாக இருந்தது நம்பர் பொறித்த அந்த ஓர் இடந்தான். ஐயர் அதிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். அது காய்ந்து இறுகிக் கிடந்தது.

"சுரண்டிக் காட்டுங்கோ."

"ஐயா, சாமிக்கு வைச்சது. நீங்களே ஒருக்கா..."

"ஏன், பாவம் எனக்கோ? நானும் சைவக்காரன்தான்."

வரிசையில் நின்ற ஒருவர் கத்தினார்: "அண்ணை, பிள்ளையார் வந்து பதிஞ்சு தரமாட்டார். கெதியாச் சுரண்டுங்கோ!"

கதிரவேலு நகத்தால் சுரண்டினார். இலக்கம் தெரிந்தது. பரிசோதகர் எழுதிக் கையெழுத்திட்டார்; வண்டி பதிவாகிவிட்டது.

விரல்களில் சந்தனத்தூள் ஒட்டியிருந்தது. மண்ணில் உதற மனம் வரவில்லை. நெற்றியில் பூசவும் துணிவில்லை. மற்றக் கையால் மட்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டினார்.